மருந்தோடு மரியாதையும்: புதுவையின் மருத்துவ மரபு

1823-இல் பிரெஞ்சு அரசு புதுவையில் ‘எக்கோல் தெ மெத்சின்’ என்ற மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது. இந்திய அரசிடம் நிர்வாகம் வந்த பின், 1956-இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி உருவானது. அதுவே 1964 முதல் ஜிப்மர் என்ற பெயரில் கோரிமேட்டில் இயங்குகிறது.

நகரின் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் வீதிகள். மேற்கே திண்ணையும் முற்றமும் வைத்த தமிழர் வீடுகள். தென்பகுதியில் முஸ்லிம் தெருக்கள். நகரை வாய்க்கால் பிரித்தாலும், இன்று மருத்துவமனையில் நோய் எல்லாரையும் ஒரே வார்டில் படுக்க வைக்கிறது.

அங்கே பலரின் வழக்கமும் அறிந்து நடப்பது செவிலியரின் கடமை. அறுவை சிகிச்சைக்கு முன் தாலியைக் கழற்றத் தயங்கும் பெண்ணிடம், “பயப்படாதீங்கம்மா, மஞ்சள் கயிறு கட்டிக்கலாம்” என்று சொல்லி அவர் மனத்தைத் தேற்றுவார்கள். ரமலான் நோன்பிருப்பவருக்கு, உடல்நிலை இடம் கொடுத்தால், மருத்துவரைக் கேட்டு மாத்திரை நேரத்தை விடியலுக்கு முந்தைய சஹர் உணவுக்கும் நோன்பு திறப்புக்கும் மாற்றித் தருவார்கள். சைவ உணவா, பத்தியமா, உடனிருப்பவர் யார் என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்வார்கள்.

தமிழும் பிரெஞ்சும் ஒரே தெருப்பலகையில் நிற்கும் ஊர் இது. பலரோடும் கூடி வாழும் அந்தப் பழக்கமே புதுவையின் பெருமை. பழைய கட்டடங்களைக் காப்பதுபோல் அதையும் காப்பது நம் பொறுப்பு.