காஞ்சிபுரத்தில் தெருவும் தறியின் ஒரு பகுதிதான்... எப்படி?

காமாட்சி அம்மன் கோயில், காந்தி ரோட்டில் பட்டுப்புடவை, மாலை பஸ். பலருக்குக் காஞ்சிபுரம் இவ்வளவுதான். ஆனா, அந்தப் புடவை உருவாகும் இடத்தைப் பார்க்க பிள்ளையார்பாளையம் பக்கம் நடக்கணும். அதுவும் வெயில் ஏறுறதுக்கு முன்னாடி!

தெருவில் என்ன வேலை?

புடவைக்கு நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு. ஒரே பாவில் ஒன்றுக்கு மேற்பட்ட புடவைகள் நெய்வதால், அதை விரிக்க வீட்டுக்குள் இடம் போதாது. அதனால் தெரு நெடுக இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து சரிசெய்கிறார்கள்.

வீட்டுக்குள்?

தரையில் குழி வெட்டி அமைத்த குழித்தறி. உடல் ஒரு நிறம், இரு பக்கக் கரையும் வேறு நிறம் என்றால் அது 'கோர்வை'. இதற்கு மூன்று நாடாக்கள் ஓடும். பக்கத்தில் இன்னொருவர் உதவிக்கு வேண்டும். அதனால்தான் இது குடும்பத் தொழில்.

இப்போ என்ன சிக்கல்?

விசைத்தறியில் நெய்த புடவை விலை குறைவு. வாங்குபவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. வருமானம் போதாமல் அடுத்த தலைமுறை வேறு வேலைக்குப் போகிறது. தறி நின்றால், தெருவில் பாவும் நிற்கும்.

வாங்கும்போது எதைக் கவனிக்கணும்?

'சில்க் மார்க்' சொல்வது அசல் பட்டு என்பதை மட்டுமே. கைத்தறி என்பதை அல்ல. அதற்கு கைத்தறி முத்திரை தனி. 2005-06-ல் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிப் பட்டா என்பதையும் கேளுங்க.

அடுத்த முறை போனால், கடைக்கு முன்னாடி தெருவைப் பாருங்க!