காவலுக்கு ஒரு காவல்

இந்தியப் போலீஸ் முறையின் மூலத்தைத் தேடிப் போனால் அயர்லாந்தில் போய் நிற்கும். 1843-ல் சிந்துப் பிரதேசத்தைக் கைப்பற்றிய சர் சார்லஸ் நேப்பியர், அயர்லாந்துக் கான்ஸ்டபுலரியை மாதிரியாகக் கொண்டே அங்கு போலீஸ் படையை அமைத்தார். 1861-ம் ஆண்டுப் போலீஸ் சட்டத்திலும் அதன் சாயல் உண்டு. மக்களுக்குப் பணி புரிய அல்ல, மக்களை அடக்கி ஆள ஏற்பட்ட முறை அது.

வடக்கு அயர்லாந்தில் அதன் வாரிசாக 1922-ல் தோன்றியது 'ராயல் அல்ஸ்டர் கான்ஸ்டபுலரி'. அங்கு ஜனத்தொகையில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் கத்தோலிக்கர். 1990-களின் இறுதியில் படையில் இருந்த கத்தோலிக்கரோ நூற்றுக்கு எட்டுப் பேர்தான். முப்பதாண்டுக் கலவரத்தில் சுமார் 300 போலீசார் மாண்டனர். ஆயினும் கத்தோலிக்கரில் பலர் அதைத் தங்கள் போலீசாக ஏற்கவில்லை.

1998 ஏப்ரல் சமாதான உடன்படிக்கையை ஒட்டி, கிறிஸ் பேட்டன் தலைமையில் ஒரு கமிஷன் அமைந்தது. அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்த நிபுணர்களும் அதில் இடம் பெற்றனர். 1999 செப்டம்பரில் கமிஷன் 175 சிபாரிசுகளை வெளியிட்டது. 2001 நவம்பரில் படையின் பெயர் மாறியது. புதிதாகச் சேர்வோரில் பாதிப் பேர் கத்தோலிக்கர் என்ற விதி வந்தது. அரசியல்வாதிகளும் பொதுமக்களின் பிரதிநிதிகளும் கொண்ட போலீஸ் வாரியம் ஏற்பட்டது. புகார்களை விசாரிப்பது போலீசார் கையிலிருந்து தனி அதிகாரியிடம் சென்றது.

வெளியார் கண்

கமிஷன் அறிக்கைகள் அலமாரியில் தூங்குவது எந்த நாட்டுக்கும் புதிதல்ல. இங்கு அது தூங்காததற்கு முக்கியக் காரணம், ஒவ்வொரு சிபாரிசும் எந்த அளவில் நிறைவேறியது என்று பார்க்க வெளிநாட்டவர் ஒருவரை நியமித்ததே. முதலில் அமெரிக்கப் போலீஸ் அதிகாரி டாம் கான்ஸ்டன்டைனும், பிறகு கனடாவின் அல் ஹட்சின்சனும் 2007 வரை தவறாமல் பகிரங்க அறிக்கை தந்தனர். உள்ளூர்க் கட்சி எதற்கும் அவர்கள் கடன்பட்டவர்கள் அல்லர். 2007-ல் சின் பேன் கட்சியும் போலீசை ஏற்றது. 2011-ல் அந்தப் பாதிக்குப் பாதி விதி முடிந்தபோது படையில் கத்தோலிக்கர் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பேர். அதன் பின் அந்த விகிதம் பெரிதாக உயரவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

நம் நாட்டில்

ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி பிரகாஷ் சிங் 1996-ல் தொடுத்த வழக்கில், 2006 செப்டம்பர் 22-ல் சுப்ரீம் கோர்ட் ஏழு கட்டளைகளைப் பிறப்பித்தது. டி.ஜி.பி.க்கு இரண்டாண்டுப் பதவிக் காலம், மாநிலப் பாதுகாப்புக் கமிஷன், புகார்களுக்குத் தனி அமைப்பு ஆகியவை அவற்றில் சில. பல மாநிலங்கள் இவற்றை இன்னும் முழுமையாக நிறைவேற்றவில்லை.

நமக்கும் சிபாரிசுகளுக்குக் குறைவில்லை. நிறைவேறுகிறதா என்று இடைவிடாமல் கணக்குக் கேட்பவர்தான் இல்லை. மாதிரியைத் தந்த மண்ணே அதை மாற்றிக் கொண்டுவிட்டது.