முதல் வாரங்களில் விழித்திருப்போம்

மனச்சோர்வு நோய்க்கு மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தவுடன், "இனிக் கவலையில்லை" என்று நாம் ஆறுதல் அடைகிறோம். உண்மையில், வீட்டார் மிகவும் விழிப்பாயிருக்க வேண்டிய நாள்கள் அன்றுதான் தொடங்குகின்றன.

தலைவலி மாத்திரையைப் போல் இவை உடனே பலன் தருவன அல்ல. மனம் தெளியச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் சிலருக்கு, சிறப்பாக இளையோருக்கு, படபடப்பும் உறக்கமின்மையும் எரிச்சலும் மிகுந்து, 'வாழ்ந்து என்ன பயன்?' என்ற எண்ணம் தலைதூக்கக் கூடும்.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், 4,400-க்கும் மேற்பட்ட சிறுவரும் வளரிளம் பருவத்தினரும் பங்கேற்ற 24 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. தற்கொலை எண்ணமோ முயற்சியோ மருந்து உண்டவர்களில் நூற்றுக்கு நால்வரிடமும், மருந்தில்லா வெற்று மாத்திரை உண்டவர்களில் இருவரிடமும் காணப்பட்டது. அவ்வாய்வுகளில் ஒருவரும் உயிர் துறக்கவில்லை. ஆயினும் 2004-இல் இம்மருந்துகளின் விவரத்தாளில் கட்டமிட்ட எச்சரிக்கை அச்சிடப் பணித்தது. 2007-இல் அதனை 24 வயதுவரை விரிவாக்கியது. அதற்கு மேற்பட்ட வயதினரிடம் இவ்வாபத்து கூடுவதாகக் காணப்படவில்லை. 65 வயது கடந்தவர்களிடம் குறைந்தே காணப்பட்டது.

இதைக் கேட்டு அஞ்சி மாத்திரையைத் தூர எறிவது பெருந்தவறு. சிகிச்சையின்றி விடப்பட்ட மனச்சோர்வே உயிருக்குப் பெரும்பகை. வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ப மருந்தைத் தெரிந்துகொள்ள மருத்துவர் அறிவார். சிறுவருக்கு மருந்து தேவைப்படின் பெரும்பாலும் ஃப்ளூவாக்செடின் என்ற மருந்தையே முதலில் தேர்ந்து, குறைந்த அளவில் தொடங்குவார். ஒருவருக்கு எழுதிய மாத்திரையை மற்றவருக்குக் கொடுப்பது தகாது.

அப்படியானால் நமது கடமை என்ன? மாத்திரைகளை வீட்டில் பொறுப்பான ஒருவர் வைத்திருந்து, வேளைதோறும் எடுத்துக் கொடுக்கட்டும். முதல் வாரங்களிலும், மருந்தின் அளவை மாற்றும் போதும் நோயாளியைத் தனிமையில் வாட விடலாகாது. குணத்தில் திடீர் மாற்றம் கண்டால் அடுத்த முறைக்குக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் தெரிவிப்போம். அவர் சொல்லாமல் மருந்தை நிறுத்த வேண்டாம்.

"சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று அன்போடு நேரே கேட்க அஞ்ச வேண்டியதில்லை. கேட்பதனால் அவ்வெண்ணம் பிறப்பதில்லை; உள்ளே அடைபட்ட பாரம் இறங்கவே வழி பிறக்கிறது. இரவோ பகலோ, 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் இலவசமாக ஆலோசனை பெறலாம். உயிருக்கு ஆபத்தெனத் தோன்றினால் தாமதியாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம்.

மாத்திரையை மருத்துவர் தருகிறார். அது பலன் தரும் வரை உடனிருப்பது நம் பொறுப்பன்றோ?