படிக்கட்டும் அங்கத்தினர் உரிமையும்

மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி செய்து கொடுப்பது தர்ம காரியம் என்றே நம்மில் பலர் எண்ணி வருகிறோம். அது சட்டம் நம்மீது சுமத்தியுள்ள கடமையாகும் என்பதை அங்கத்தினர்கள் அறிதல் அவசியம்.

1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே கணக்கில் கொண்டது. அதற்குப் பதிலாக இயற்றப்பட்ட 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்று, 19-4-2017 முதல் அமலுக்கு வந்தது. இச்சட்டம் 'தனியார் நிறுவனம்' என்பதற்குக் கூறும் இலக்கணத்தில் கூட்டுறவுச் சங்கமும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. பொதுமக்கள் வந்துபோகும் பள்ளி, தொழிலிடம், வியாபார நிலையம் ஆகியவை தனியாருடையனவாயினும் பொதுக் கட்டடங்களே. ஆகவே நெசவாளர் சங்கத்தின் துணி விற்பனை நிலையமும், விவசாயிகள் சங்கத்தின் உரக் கிடங்கும் இதற்கு விலக்கல்ல.

அரசின் நிதியுதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள், குறைபாட்டைக் காரணம் காட்டி எந்தக் குழந்தைக்கும் இடம் மறுக்கலாகாது. கட்டடமும் வளாகமும் குழந்தை தடையின்றி நடமாடத் தக்கனவாக இருத்தல் வேண்டும். பார்வையற்ற, செவிப்புலனற்ற குழந்தைகளுக்கு அவர்களுக்கேற்ற மொழியிலும் முறையிலும் கற்பித்தல் வேண்டும். 40 சதவிகிதத்திற்குக் குறையாத குறைபாடுடைய குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையுண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கென்றே நடத்தப்படும் நிலையங்கள், எவ்வளவு சிறியனவாயினும், பதிவுச் சான்றிதழ் பெற்றாக வேண்டும்.

"எங்கள் சங்கம் சிறியது, பணத்திற்கு எங்கே போவது?" என்று நிர்வாகக் குழுவினர் கேட்கலாம். தனி ஒருவரின் தேவைக்காகச் செய்யும் மாறுதல்களில், தகுதிக்கு மீறிய சுமையைச் சட்டம் கோரவில்லை. ஆனால் சுமை என்று சொல்லி ஒன்றுமே செய்யாதிருக்க அது இடம் தரவுமில்லை. கால் வலுவிழந்த நெசவாளருக்கு மிதிகட்டையை இயக்குவது கடினம். தார் சுற்றும் வேலையை அவருக்கு ஒதுக்கலாம். பார்வையற்ற அங்கத்தினருக்குக் கணக்குப் புத்தகத்தை வாசித்துக் காட்டலாம். இவற்றிற்குச் செலவு ஏது?

செலவுள்ளவற்றையும் திட்டமிடும்போதே சேர்த்தால் சுமை குறையும். சாய்வுதளம் ஓர் அடி உயரத்திற்குக் குறைந்தது 12 அடி நீளம் வேண்டும். ஆறு அங்குல உயரமுள்ள மூன்று படிகள் இருப்பின், உயரம் ஒன்றரை அடி. நீளம் 18 அடி. வாயிலில் ஒரு பலகையைச் செங்குத்தாகச் சாய்த்து வைத்தால் சக்கர நாற்காலி கவிழும். கதவின் அகலம் 900 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய 3 அடி, தேவை.

பழைய பொதுக் கட்டடங்களைத் திருத்த, விதிகள் வெளியானதிலிருந்து ஐந்தாண்டு கெடு விதிக்கப்பட்டது. விதிகள் 2017 ஜூனில் வெளிவந்தன. கெடு 2022-இல் கடந்துவிட்டது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையிலும், மறுமுறை 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு. கட்டட அளவுகோல்கள் வெறும் யோசனையாக நில்லாது கட்டாய விதிகளாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உத்தரவிட்டது.

ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்பதும் சட்டம். 20 பேருக்குக் குறைவாகப் பணிபுரியும் இடத்திலும், செய்து தரும் வசதிகளை அதில் குறிப்பிட வேண்டும். அடுத்த குழுக் கூட்டத்திலேயே இதற்குத் தீர்மானம் நிறைவேற்றி, அறிவிப்புப் பலகையில் ஒட்டுதல் நலம்.

அபராதத்திற்கு அஞ்சி மட்டுமே இதைச் செய்யவேண்டுமென நாம் கூறவில்லை. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓர் அங்கத்தினருக்கு ஒரு வாக்கு என்பது கூட்டுறவின் அடிப்படை. பேரவைக் கூட்டம் மாடியில் நடந்தால், ஏற இயலாத அங்கத்தினரின் வாக்கு கீழேயே நின்றுவிடுகிறது. அடுத்த கூட்டத்தைத் தரைத்தளத்தில் கூட்டுவதற்கு நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டியதில்லை. அங்கிருந்து தொடங்குவோமாக.