தற்காலிகமாக வந்த நாயும் நிரந்தர வீடும்

வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், அதாவது குடியிருப்புகள் நெருங்கிய எழுவான்கரையிலும் வயலும் மேய்ச்சல் நிலமும் விரிந்த படுவான்கரையிலும், நாய்கள் மனிதரோடு மிக அணுக்கமாக வாழ்கின்றபோதிலும், அவற்றுட் பலவற்றுக்கு உரிமையாளர் இன்னாரெனச் சுட்ட முடிவதில்லை. வேளாண்மைக் காவலுக்கும் மாட்டுப்பட்டிக்கும் துணையாக நிற்பதும், வைரவரின் வாகனமாகக் கோயிலில் மதிக்கப்படுவதும் நாயே. பெட்டைக்குட்டி என்பதற்காகவே கண் திறந்த சில நாட்களில் சந்தையோரத்தில் விடப்படுவதும் அதுவே. அவ்வாறு விடப்பட்ட ஒன்றை யாராவது தூக்கிவந்த பிறகு, அதை நிரந்தரமாக வைத்துக்கொள்வதா, நல்ல இடம் பார்த்துக் கொடுப்பதா என்னும் கேள்வி அந்த வீட்டில் எழுகின்றது.

இலங்கையில் 1893ஆம் ஆண்டின் விசர்நோய்க் கட்டளைச் சட்டமும் 1901ஆம் ஆண்டின் நாய்களைப் பதிவுசெய்தல் கட்டளைச் சட்டமும் நாயை முதன்மையாக ஒரு நோய்க்காவியாகவே நோக்கின. கட்டாக்காலி நாய்களைப் பிடித்துக் கொல்வது நீண்டகாலம் வழக்கமாக இருந்து, 2006இல்தான் நிறுத்தப்பட்டது. அதன்பின் தடுப்பூசியும் கருத்தடைச் சத்திரசிகிச்சையும் கட்டுப்பாட்டின் முதன்மை வழிகளாயின. கொலையை நிறுத்தியது மிகச் சரியான முடிவு. ஆயினும் அந்த முடிவு தெருவில் உயிரோடிருக்கும் நாய்க்கு ஒரு வீட்டைத் தானாகத் தந்துவிடவில்லை. சத்திரசிகிச்சைக் காயம் ஆறும்வரையோ, தாயற்ற குட்டி தடுப்பூசி பெறும் வயதை எட்டும்வரையோ, விபத்தில் முறிந்த கால் பொருந்தும்வரையோ ஒரு குடும்பம் நாயைத் தன் வீட்டில் வைத்துப் பேணி, பின்னர் நிலையான இடத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டையே தற்காலிகப் பராமரிப்பு என்கிறோம்.

கூண்டுகள் நிறைந்த காப்பகத்தைவிட வீடு நாய்க்கு உகந்தது என்பதற்கு உடலியல் சான்றும் உண்டு. அமெரிக்காவின் ஐந்து காப்பகங்களைச் சேர்ந்த 207 நாய்களை ஓரிரு இரவுகள் வீடுகளில் தங்கவைத்து நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஓர் ஆய்வில், அவற்றின் சிறுநீரில் கோர்ட்டிசோல், அதாவது மன அழுத்தத்தின்போது உடல் சுரக்கும் இயக்குநீர், வீட்டிலிருந்த வேளையில் குறைந்து, காப்பகத்துக்குத் திரும்பியதும் முன்னைய அளவுக்கே மீண்டது. சில இரவுகளின் அமைதியே அளக்கக்கூடிய மாற்றத்தைத் தருமெனில், வாரக்கணக்கில் ஒரு திண்ணையும் ஒரு கிண்ணமும் தரும் ஆறுதலைக் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆனால் இரக்கம் எச்சரிக்கையைத் தள்ளிவிடக் கூடாது. 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் ஆண்டுக்கு 300க்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட விசர்நோய், அதாவது நாயின் உமிழ்நீர் வழியாகப் பரவி, அறிகுறி தோன்றிய பின் ஏறக்குறைய எப்போதும் உயிரைப் பறிக்கும் வைரசு நோய், தடுப்பூசியின் பயனாக அண்மைய ஆண்டுகளில் சில பத்து உயிர்களைப் பறிப்பதாகக் குறைந்துள்ளதேயன்றி ஒழிந்துவிடவில்லை. நோய்க்கிருமி உடலில் புகுந்து வாரங்களோ மாதங்களோ கழித்தே அறிகுறி தெரியக்கூடுமாதலால், புதிதாக வந்த நாயை மிருக வைத்தியரிடம் காட்டித் தடுப்பூசி போட்ட பின்னரும் அதன் நடத்தையைக் கவனித்துவர வேண்டும். வீட்டிலுள்ள மற்ற நாய்களோடும் சிறு பிள்ளைகளோடும் உடனே கலக்கவிடக் கூடாது. கடியோ கீறலோ பட்டால் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அரசாங்க வைத்தியசாலைக்குத் தாமதமின்றிச் செல்ல வேண்டும். உண்ணி, குடற்புழு, சொறி ஆகியவற்றுக்கான சிகிச்சையும் முதல் வாரத்திலேயே தொடங்கப்பட வேண்டியது.

நாய் தேறியபின் வரும் கட்டமே கடினமானது. பாண்டிருப்பு திரௌபதை அம்மன் ஆலயத்தின் தீமிதிப்பு விழாவான தீப்பள்ளயத்தின் வழியாகவும் வடமோடிக் கூத்துகளின் வழியாகவும் பாரதக்கதையைத் தம் சொந்தக் கதையாகவே அறிந்த இப்பகுதி மக்களுக்கு, உடன்வந்த நாயை விட்டுச் சொர்க்கம் புக மறுத்த தருமரை நினைவூட்டத் தேவையில்லை. அடைக்கலம் புகுந்ததைக் கைவிடலாகாது என்பதே அவரது வாதம். எனினும் தக்க இன்னொரு வீட்டைத் தேடிக் கொடுப்பது கைவிடுதல் ஆகாது. ஹங்கேரி ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வொன்றில், காப்பகத்திலிருந்த வளர்ந்த நாய்கள் பத்து நிமிட அளவிலான மூன்றே சந்திப்புகளின் பின் ஒரு புதிய மனிதரிடம் பற்றுக்கொண்டமை காணப்பட்டது. "எங்களை விட்டால் அது செத்துப்போகும்" என்று தோன்றுவது இயல்பே. ஆனால் அந்தத் துயரத்தின் பெரும்பகுதி மனிதருடையது, நாய் மீண்டும் பற்றுக்கொள்ள வல்லது. ஆகவே பிரிவின் வலி மட்டுமே தத்தெடுப்புக்குக் காரணமாகிவிடக் கூடாது.

எடைபோட வேண்டியது நாய் வாழக்கூடிய பத்துப் பதினைந்து ஆண்டுகளை. மார்கழி, தை மாதங்களில் வாவி பெருகி, 2011 சனவரியில் நேர்ந்ததுபோலக் குடும்பமே பாடசாலையில் தஞ்சமடைய நேர்ந்தால், நாய் எங்கே போகும், யார் தூக்கிச் செல்வார்? வீட்டில் உழைப்பவர் மத்திய கிழக்குக்குப் போனால், முதியவர் ஒருவரால் அதைச் சமாளிக்க முடியுமா? எழுவான்கரையில் வேலிக்கு வேலி ஒட்டிய வளவுகளில், நாயின் உமிழ்நீர் படுவதைத் தூய்மைக்கேடாகக் கருதும் முஸ்லிம் அயலவரின் உணர்வுக்கு மதிப்பளித்து, அதைத் தன் வளவுக்குள்ளேயே வைத்திருக்க இயலுமா? இவற்றுக்கு விடையுள்ள வீட்டில், வயது முதிர்ந்ததாகவோ கால் ஊனமுற்றதாகவோ இருப்பதால் வேறெவரும் கேட்டு வராத நாய் ஒன்று தங்கியிருப்பின், அதை நிரந்தரமாக ஏற்பதே மிகப் பொருத்தமான முடிவு. சுறுசுறுப்பான இளங்குட்டிக்கு இடம் கிடைப்பது ஒப்பளவில் எளிது. அதையும் வைத்துக்கொண்டால், அடுத்துக் காயம்பட்டு வரும் நாய்க்கு அந்தத் திண்ணையில் இடமிராது.

கொடுப்பதாயின், கருத்தடைச் சிகிச்சையும் விசர்நோய்த் தடுப்பூசியும் முடிந்த பிறகே, தடுப்பூசி அட்டையோடு கொடுக்க வேண்டும். புதிய வீட்டார் ஓரிரு முறை வந்து நாயோடு பழகிச் செல்வதும், எடுத்துச் சென்ற முதல் வாரங்களில் பழைய வீட்டார் போய்ப் பார்த்துவருவதும், வளர்க்க முடியாமற் போனால் தெருவில் விடாமல் திருப்பித் தந்துவிட வேண்டுமென முன்கூட்டியே பேசிக்கொள்வதும், அயலிலும் உறவிலுமே பெரும்பாலான கொடுக்கல் வாங்கல் நடக்கும் இந்த ஊர்களில் எளிதாகக் கைகூடக்கூடியவை.