தீவிலிருந்து பந்தயத் தடத்திற்கு

மிதிவண்டி என்றவுடன், பள்ளிக்கும் பணிமனைக்கும் நம்மைச் சுமந்து செல்லும் எளிய வாகனமே நம் நினைவிற்கு வருகிறது. அதனையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டோரும் உலகில் உண்டு. அயர்லாந்தில் காரிக்-ஆன்-ஷூர் என்னும் சிற்றூரின் அருகே வளர்ந்த ஷான் கெல்லி 1977ஆம் ஆண்டில் தொழில்முறை வீரரானார். பிரான்ஸ் நாட்டைச் சுற்றிவரும் பெரும் பந்தயத்தில் புள்ளிகளுக்குரிய பச்சைச் சட்டையை நான்கு முறை வென்றார். அவ்வூரிலேயே வளர்ந்த சாம் பென்னட் 2020இல் அச்சட்டையைப் பெற்றார். அயர்லாந்தும் ஒரு தீவே. தொழிலின் பொருட்டு இருவரும் கடல் கடந்து செல்ல வேண்டியதாயிற்று.

நம் நாட்டிலும் அவ்வாறு வீரர்களை அளிக்கும் தீவுகள் உண்டு. அவை அந்தமான் நிகோபார் தீவுகள். போர்ட் பிளேயர் என்று நாம் நெடுங்காலம் வழங்கிவந்த ஸ்ரீ விஜயபுரத்திற்குத் தெற்கே, சுமார் 270 கிலோமீட்டர் தொலைவில் இருப்பது கார் நிகோபார். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அத்தீவைச் சூறையாடியபோது, ஒன்பது வயதுச் சிறுமி டெபோரா ஹெரால்டு மரமொன்றைப் பற்றிக்கொண்டு பல நாட்கள் உயிர் காத்தார். அச்சிறுமியே பின்னர் டெல்லியில் பயிற்சி பெற்று, உலகத் தடப் பந்தயத்திற்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்மணி என்னும் சிறப்பை 2016இல் எய்தினார்.

தடப் பந்தயம் என்பது யாது? கெல்லியும் பென்னட்டும் சாலைகளில் நாட்கணக்காக ஓட்டியவர்கள். தடப் பந்தயமோ, 250 மீட்டர் சுற்றளவுள்ள மரத்தளத்தில் நிகழ்வது. வளைவுகளில் அத்தளம் நாற்பது பாகைக்கும் மேலாகச் சுவர்போலச் சாய்ந்து நிற்கும். வண்டிக்குத் தடையும் இல்லை. பல்சக்கர மாற்றமும் இல்லை. சக்கரம் சுழலும்வரை மிதியும் சுழன்றுகொண்டே இருக்கும். ஓட்டுபவர் காலை ஓய்வாக வைத்திருக்க இயலாது. இவ்வகைத் தளம் ஒன்று, 2010ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டுகளுக்கென டெல்லியில் அமைக்கப்பட்டது.

இப்பந்தயங்களுள் ஒன்று, ஜப்பானில் 1948இல் தோன்றிய கெய்ரின். ஒரு மோட்டார் வண்டி முன்னே சென்று சிறிது சிறிதாக வேகத்தைக் கூட்டும்; வீரர்கள் அதனை முந்தாமல் பின்தொடர்வர். மூன்று சுற்றுகள் எஞ்சியிருக்கையில் அவ்வண்டி விலகிவிடும். அதன்பின் வலிமைக்கும் சமயோசித புத்திக்கும் சோதனை. அந்தமான் நிகோபாரைச் சேர்ந்த எஸோ ஆல்பென், 2018இல் சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரில் நடந்த உலக இளையோர் போட்டியில், தம் பதினேழாம் வயதில், இப்பந்தயத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். முதலிடம் மயிரிழையில் தவறிற்று. மறு ஆண்டு ஜெர்மனியில், மணிப்பூர் இளைஞர்களோடு அணியாக விரைந்து தங்கம் வென்றார். ஆங்கிலக் கால்பந்து வீரரின் பெயரைத் தாங்கிய டேவிட் பெக்காம் என்னும் மற்றொரு தீவு இளைஞர், 2023இல் ஹாங்சோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுகளில் இந்தியாவிற்காக ஓட்டினார்.

ஆயினும் ஓர் உண்மையை நாம் மறத்தல் ஆகாது. 1964இல் டோக்கியோவிற்குப் பின், 2024இல் பாரிஸ் வரையில், ஒலிம்பிக் போட்டியில் இந்தியச் சைக்கிள் வீரர் எவரும் பங்குபெறவில்லை. இளையோர் பதக்கம் ஒரு வாயில் மட்டுமே. அதனைத் தாண்டியபின் பல்லாண்டுப் பயிற்சியும், நல்ல உணவும், வெளிநாட்டுப் போட்டிகளும், பிழைப்புக்கு உறுதியும் வேண்டும். ஐரோப்பிய வீரருக்கு ஊதியம் தரும் தொழில்முறை அணிகள் உள்ளன. நம் வீரருக்கோ பயிற்சி முகாமும் அரசுப் பணியுமே பெரும்பாலும் துணை. விரைவோட்டக்காரரின் உச்சப் பருவம் நீண்டதன்று. ஆதரவு தாமதமானால் அது திரும்பி வாராது.

பிழைப்புக்காகச் சொந்த ஊரைப் பிரிந்து பிற மாநிலங்களில் வாழும் நமக்கு, தொலைதூரத்தில் தங்கி உழைப்பதன் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நம் தெருவில் மிதிவண்டியை விரைந்து ஓட்டும் சிறுவனையோ சிறுமியையோ கண்டால், அருகிலுள்ள பயிற்சியாளரிடம் அழைத்துச் செல்வோமாக. திறமை எத்தீவிலும் பிறக்கும். அதனை இறுதிவரை தாங்கி நிற்பது சமூகத்தின் கடமை.