கல் (சொல்)

கல் என்னும் ஒலிவடிவம் உறவில்லாத பல மொழிகளில் வெவ்வேறு பொருளில் வழங்குகிறது. தமிழில் அது பெயராக வந்தால் பாறைத் துண்டு. வினையாக வந்தால் 'படித்தறி' என்னும் ஏவல். மலையாள, கன்னடக் 'கல்லு' இதன் உறவுச் சொல்.

உருதுவிலும் இந்தியிலும் 'கல்' என்றால் நேற்று, நாளையும் அதுவே. எந்த நாள் என்பதை வினைச்சொல்தான் காட்டும். விடியலைக் குறிக்கும் 'கல்ய' என்ற வடசொல்லே இதன் மூலம். தமிழும் உருதும் கலந்து புழங்கும் குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர்க் கடைத்தெருக்களில் இரண்டு 'கல்'லும் காதில் விழும். "கல் ஆயேகா" என்றால் செங்கல் லோடு வருகிறது என்று எண்ணிவிடக் கூடாது. 'நாளை வருவார்' என்பதே பொருள்.

துருக்கியில் 'கல்' என்பது 'இரு, தங்கு'. விடைபெறுபவர் "ஹோஷ்சா கல்" (நலமாக இரு) என்பார்.

கொரிய மொழியில் 'கல்' கத்தி. முதலெழுத்தை மூச்சழுத்தி ஒலிப்பர். மூச்சழுத்தமில்லாத பழைய வடிவம் 'கல்ச்சி' என்னும் மீன்பெயரில் தங்கியுள்ளது. தமிழில் அம்மீன் வாளை!

கற்காலக் கத்தியைக் காட்டி இதைத் தமிழ்ச் சொல் என்பது எளிது. ஆனால் இத்தனை சிறிய சொல்லில் தற்செயல் ஒற்றுமை எளிதில் அமையும். உறவென்றால் ஒலிமாற்றம் ஒழுங்காகப் பல சொற்களில் வரவேண்டும்: தமிழ்ப் பால், பல், பாம்பு கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹாவு. கொரியத்துக்கும் தமிழுக்கும் இடையே அத்தகைய ஒழுங்கு நிறுவப்படவில்லை.